கூரையைப் பிடித்திருப்பது ஆணி

மன்னார்த் தீவில் ஒரு வீட்டுக்கு மூன்று கொட்டேசன்கள் வந்தன. மலிந்தது எது என்று தொடங்கிய கணக்கு, காற்றிலும் உப்பிலும் போய் நின்றது.

சோளகம் எழுந்துவிட்டால் பேசாலையில் இரண்டு பேர் முற்றத்தில் நின்று கதைக்க முடியாது. குரலைக் காற்றுக் கொண்டுபோய்விடும். வைகாசியில் எழும் அந்தக் காற்று புரட்டாதி வரை ஓயாது. அம்மாவின் வீட்டில் அந்த மாதங்கள் முழுக்க இன்னொரு சத்தமும் இருந்தது. அடுக்களைப் பக்கத்துச் சீற் ஒன்று தூக்கித் தூக்கி அடிக்கும். “அது கூரை கதைக்குது” என்பார் அம்மா. வாடை மழை வந்ததும் கதை நின்று ஒழுக்குத் தொடங்கியது. சட்டி, வாளி, கடைசியில் குழந்தையைக் குளிப்பாட்டும் பேசின் வரை வரிசையாக வைத்த ஓர் இரவில்தான் கூரையை மாற்றுவது என்று முடிவானது.

1990இல் படகேறி இந்தியாவுக்குப் போன குடும்பம் எங்களுடையது. திரும்பி வந்தபோது சுவர் நின்றது. ஓடும் இல்லை, மரமும் இல்லை. ஆளில்லாத வீட்டில் முதலில் கழன்று போவது கூரைதான் என்பதை வடக்கில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கையில் இருந்த காசுக்கு அன்று ஏறியது அஸ்பெஸ்டஸ் சீற். அது தன் காலத்தை முடித்துவிட்டது.

மூன்று கொந்தராத்துக்காரர்களிடம் விலை கேட்டோம். முதலாமவர் கொப்பித் தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். கடைசி வரி: “சாமான், கூலி எல்லாம் உட்பட.” இரண்டாமவர் மன்னார் நகரில் தட்டெழுதிய இரண்டு பக்கம் தந்தார். மூன்றாமவர் நிறுவனச் சின்னம் பதித்த ஐந்து பக்கம் அனுப்பினார். தொகைகளை இங்கே எழுதிப் பயனில்லை. இந்த நாட்டில் சாமான் விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. முதலாவதை 100 என்று வைத்தால் இரண்டாவது 131, மூன்றாவது 168.

அம்மா கொப்பித் தாளை எடுத்து மடித்து விவிலியத்துக்குள் வைத்தார். அவருடைய கணக்கில் விசயம் முடிந்துவிட்டது.

மூன்று விலை, மூன்று கூரை

முடியவில்லை என்று சொன்னவர் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் முதிய ஓடாவியார். வள்ளமும் வீடும் செய்த கை. மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “பிள்ளை, இது மூண்டு விலையில்லை, மூண்டு கூரை.”

அவர் சொன்னது சரி. முதலாமவரின் விலை பழைய மரத்தின் மேல் புது அஸ்பெஸ்டஸ் போடுவதற்கு. இரண்டாமவரின் விலை அமானோ என்று எல்லோரும் சொல்கிற நாக-அலுமினியத் தகட்டுக்கு. மூன்றாமவரின் விலையில் புது மரம், ஓடு, சீலிங் எல்லாம் இருந்தன. ஒருவர் மாம்பழத்துக்கும் ஒருவர் பலாப்பழத்துக்கும் விலை சொல்லியிருக்க, எது மலிவு என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கூரை மாற்றுகிறவர்கள் செய்யும் முதல் பிழை இதுதான். என்ன வேண்டும் என்பதை வீட்டுக்காரர் எழுதுவதில்லை, கொந்தராத்துக்காரரே எழுதுகிறார். ஆகவே ஒவ்வொருவரும் தனக்கு வசதியான கூரையை எழுதுகிறார். கட்டடப் பொறியியலாளர்கள் பி.ஓ.கியூ. என்று சொல்லும் அளவுப் பட்டியலின் வேலை இந்தக் குழப்பத்தைத் தடுப்பதுதான். அதில் சாமானின் பெயர், தடிப்பு, அளவு, எண்ணிக்கை எல்லாம் முதலிலேயே எழுதப்பட்டிருக்கும். விலைக்கான இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். ஒரு பக்கப் பட்டியலே ஒரு வீட்டுக்குப் போதும். உள்ளூர்த் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற யாரிடமாவது ஒரு பின்னேரம் போய் இருந்தால் எழுதிவிடலாம். அரச வேலைகளுக்கு மாகாண அளவில் வெளியிடப்படும் பி.எஸ்.ஆர். விலைப்பட்டியல் அவர் கைக்குப் பழகியது. எந்த வேலைக்கு என்ன விலை நியாயம் என்பதற்கு அது ஓர் அளவுகோல்.

நாங்கள் எழுதினோம். மூன்று பேருக்கும் ஒரே தாளைக் கொடுத்தோம். இரண்டாம் சுற்றில் விலைகள் 100, 104, 119 என்று வந்தன. 68 புள்ளி வித்தியாசம் 19 ஆகச் சுருங்கியது. மிச்ச வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று தேடியபோதுதான் தாளின் அடியில் கிடந்த சின்ன வரிகள் கண்ணில் பட்டன: ஆணி, பட்டி, பீலி, இதர செலவு.

காற்றின் கணக்கு

மன்னார்த் தீவின் தென்கரையில் நிற்கும் தம்பபவனி காற்றாலைகளை அறியாதவர் இல்லை. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்தப் பண்ணையில் 30 கோபுரங்கள், 100 மெகாவாற்றுக்குச் சற்று மேலான கொள்திறன். இலங்கை மின்சார சபை தன் முதலாவது பெரிய காற்றாலைப் பண்ணைக்கு இந்தத் தீவைத் தேர்ந்தது சும்மா இல்லை. அந்த இறக்கைகளைச் சுற்றும் அதே காற்றுத்தான் எங்கள் கூரையையும் பிடித்து இழுக்கிறது.

எவ்வளவு இழுக்கிறது? மணிக்கு 100 கிலோமீற்றர் வேகக் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 47 கிலோ பாரத்துக்குச் சமம். கூரையின் மேலால் வழுக்கிப் போகும் காற்று கிட்டத்தட்ட அதே அளவில் கூரையை மேலே உறிஞ்சக்கூடும். முகட்டிலும் மூலையிலும் தாழ்வார விளிம்பிலும் அதைவிடக் கூட. வேகம் பாதியானால் விசை நாலில் ஒன்றாகும்: 50 கிலோமீற்றரில் சுமார் 12 கிலோ.

இனிக் கூரையின் பாரத்தைப் பாருங்கள். கள்ளிக்கோட்டை ஓடு என்று சொல்லும் தட்டை ஓடு சதுர மீற்றருக்குச் சுமார் 15 பிடிக்கும்; எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 40 கிலோ. அஸ்பெஸ்டஸ் சீற் 15 கிலோ அளவில் நிற்கும். 0.47 மில்லிமீற்றர் நாக-அலுமினியத் தகடு 5 கிலோவும் வராது.

நம் தாத்தாக்கள் காலத்து ஓட்டுக் கூரை தன் பாரத்தாலேயே பெரும்பாலான காற்றைத் தாங்கியது. பனையின் வைரத்தில் அறுத்த கைமரமும் சிலாகையும் அந்தப் பாரத்தைச் சுமந்தன. சுவரோடு யாரும் எதையும் இறுக்கிக் கட்டவில்லை. கட்டத் தேவையும் இருக்கவில்லை. அந்தச் சுவரில், அந்த மரத்தில் ஓட்டை இறக்கிவிட்டுத் தகட்டை ஏற்றினால் கூரை சுமக்க வேண்டிய பாரம் எட்டில் ஒன்றாகிறது. “மரத்துக்குச் சுகம், செலவும் குறைவு” என்பார் கொந்தராத்துக்காரர். பாதி உண்மை. பாரம் போன இடத்தில் பிடி வந்தாக வேண்டும். சாதாரண சோளகக் காற்றே அந்தத் தகட்டைத் தூக்கப் போதும்.

பிடி என்பது ஒரு சங்கிலி. தகட்டைக் குறுக்கு மரத்தோடு பிடிப்பது திருகாணி. குறுக்கு மரத்தைக் கைமரத்தோடு பிடிப்பது தகட்டுப் பட்டி. கைமரத்தைச் சுவரின் மேல் கிடக்கும் வளையோடு பிடிப்பது இன்னொரு பட்டி. வளையைச் சுவருக்குள் இறக்கிப் பிடிப்பது போல்ற். நாலில் ஒன்று இல்லாவிட்டாலும் அதற்கு மேலே இருப்பதெல்லாம் சேர்ந்தே பறக்கும். புயலுக்குப் பிறகு ஊரில் பார்த்தால் தகடு தனியாகக் கிடப்பதைவிட மரத்தோடு சேர்ந்து புரண்டு கிடப்பதே அதிகம். திருகாணி தன் வேலையைச் செய்திருக்கும். கீழே பட்டி இருந்திருக்காது.

எங்கள் மூன்று கொட்டேசன்களில் இரண்டில் இந்தப் பட்டியும் போல்ற்றும் இல்லவே இல்லை. கேட்டால் “அது இங்க ஒருத்தரும் போடுறேல்லை” என்றார்கள். இருந்த ஒன்றில் அதற்கான தொகை மொத்தத்தில் நூற்றுக்கு மூன்றுகூட வரவில்லை.

மட்டக்களப்பை 1978 நவம்பரில் புயல் சிதைத்த பிறகு, கடுங்காற்றுக்கு ஏற்றபடி வீடு கட்டுவது எப்படி என்று இலங்கை அரசு 1980இல் ஒரு கைந்நூல் வெளியிட்டது. நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தது அந்த நூல். அதற்கும் முன்னர் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கிய புயல் நம் தலைமன்னார்க் கடலைக் கடந்துதான் போனது. 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலைப் பக்கம் கரையேறி மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கியது. 2025 நவம்பரில் டித்வா வந்தது. இந்தக் கரையில் கூரை போடுகிறவருக்குக் காற்று எப்போதாவது வரும் விருந்தாளி அல்ல. வீட்டில் ஓர் ஆள்.

உப்பின் கணக்கு

காற்று ஒரு நாளில் செய்வதை உப்பு பத்து வருடத்தில் செய்யும். மன்னாரில் உப்பு ஏன் இவ்வளவு கொடியது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. தென்மேல் பருவக்காற்று கொழும்புக்கும் காலிக்கும் மழையோடு போகிறது. எங்களுக்கு வெறுங்கையோடு வருகிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர். அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டிவிடும். சோளக மாதங்களில் கடல் துமி கூரையில் படியும். கழுவ மழை இல்லை. காலியில் மழை கழுவிவிடும் உப்பு பேசாலையில் மாதக்கணக்காக இருந்து தின்னும். மழையே படாத தாழ்வார அடிப்பக்கம் இன்னும் மோசம்.

நாக-அலுமினியத் தகடு என்பது உருக்குத்தான். அதன் மேல் பூசியிருக்கும் கலவையில் 55 சதவீதம் அலுமினியம், மிச்சத்தில் பெரும்பகுதி நாகம், கொஞ்சம் சிலிக்கன். அந்தப் பூச்சு எவ்வளவு கனம் என்பதில்தான் ஆயுள் இருக்கிறது. சதுர மீற்றருக்கு 150 கிராம் பூச்சுள்ள தகட்டை ஏ.இசட். 150 என்பார்கள். 0.47 என்று சொல்லும் தடிப்பு உருக்கின் தடிப்பா, பூச்சும் சாயமும் சேர்த்தா என்று கேட்க வேண்டும். கொட்டேசனில் “நல்ல தரமான சீற்” என்று மட்டும் எழுதியிருந்தால் அது சாமானின் பெயர் அல்ல, ஆறுதல் வார்த்தை. உற்பத்தியாளர் பெயர், தடிப்பு, பூச்சு மூன்றும் எழுத்தில் வேண்டும்.

“இருபது வருச உத்தரவாதம் இருக்கு” என்பார்கள். அந்த உத்தரவாதத் தாளை வாங்கி வாசியுங்கள். கடலிலிருந்து இத்தனை மீற்றருக்குள் இருக்கும் வீட்டுக்குப் பொருந்தாது என்ற ஒரு வரி பெரும்பாலும் அதில் இருக்கும். தாழ்வாரத்தை நன்னீரால் அடிக்கடி கழுவ வேண்டும் என்ற வரியும் இருக்கலாம். இந்தத் தீவில் கடலுக்குத் தூரமான வீடு எத்தனை?

தகட்டைவிட முதலில் சாவது ஆணி. மலிந்த திருகாணியின் தலை இரண்டு மழையில் செம்மஞ்சளாகும். துரு தகட்டுக்குப் பரவும். ரப்பர் வாசர் வெயிலில் வெடிக்கும். ஒவ்வொரு ஆணித் துளையும் ஓர் ஒழுக்காகும். கரையோரத்துக்கென்று கனத்த பூச்சோடு வரும் திருகாணி கொஞ்சம் விலை கூட. ஒரு வீட்டுக்கு அந்த வித்தியாசம் ஒரு கல்யாண வீட்டு மொய்க்கு மேல் போகாது.

இன்னும் இரண்டு பழக்கங்களைக் கொட்டேசனிலேயே தடுத்து எழுதலாம். ஒன்று, தகட்டைக் கிரைண்டரால் அறுப்பது. பொறி விழுந்த இடமெல்லாம் பூச்சு கருகி ஒரு மாதத்தில் துருப் புள்ளி போடும். தகடு வெட்டும் கத்தரியால்தான் வெட்ட வேண்டும். மற்றது, முகட்டைச் சீமெந்துச் சாந்தால் அடைப்பது. ஓட்டு முகட்டுக்குப் பழகிய மேசன்மார் தகட்டுக்கும் அதையே செய்வார்கள். ஈரச் சீமெந்தின் காரம் அலுமினியப் பூச்சைத் தின்றுவிடும். தகட்டுக்கு அதற்கென்று வளைத்த முகட்டுத் தகடு உண்டு.

மரத்துக்குப் பதில் பொக்ஸ் பார் போடச் சொன்னால் அதற்கும் ஒரு கேள்வி இருக்கிறது. குழாயின் வாயை மூடுவீர்களா? மூடாத குழாய்க்குள் உப்புக் காற்றுப் போய் உள்ளிருந்து அரிக்கும். வெளிச் சாயம் பளபளவென்று இருக்கும்போதே குழாய் ஓட்டையாகும்.

சதுரம் பெருகும் விதம்

கூரை வேலைக்கு நம் பக்கத்து அளவு சதுரம். ஒரு சதுரம் 100 சதுர அடி. இந்த ஒரு எண்ணை நீங்களே கணக்கிட்டு வைத்திருந்தால் பாதிப் பேரம் முடிந்தது.

வீடு 32 அடிக்கு 25 அடி என்று வையுங்கள். நிலம் 800 சதுர அடி. நாலு பக்கமும் தாழ்வாரம் இரண்டு அடி நீண்டால் 36 அடிக்கு 29 அடி, 1,044 சதுர அடி. கூரை சரிந்திருப்பதால் பரப்பு இன்னும் கூடும். 25 பாகைச் சரிவுக்குப் பத்துச் சதவீதம் சேர்த்தால் சுமார் 1,150 சதுர அடி, அதாவது பதினொன்றரைச் சதுரம். 30 பாகையென்றால் பன்னிரண்டு. இந்த வீட்டுக்கு ஒருவர் பதினாலு சதுரம் போட்டிருந்தால் மிச்சம் எங்கே என்று கேட்கலாம். எட்டுச் சதுரம் போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அவர் கூரையைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்திருக்கிறார். பாதி வேலையில் “சாமான் போதாது” என்பார்.

தகட்டில் இன்னொரு நுணுக்கம். விற்கும் அகலம் வேறு, மூடும் அகலம் வேறு. ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்பைக் கழித்துத்தான் கணக்கு. வாங்கும் தகடு கூடும், கூரை கூடாது. கூலியைக் கூரைச் சதுரத்துக்குக் கொடுங்கள்; தகட்டின் சதுரத்துக்கு அல்ல.

அதே பரப்பு தண்ணீர்க் கணக்கும் சொல்லும். மழைக்குச் சரிவைச் சேர்க்கத் தேவையில்லை; அந்த 1,044 சதுர அடி ஏறத்தாழ 97 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர் தண்ணீர். வருடம் முழுவதும் பெய்வதில் ஐந்தில் ஒன்று வீணாய்ப் போனாலும் 75,000 லீற்றருக்கு மேல். கிணறு உவர்க்கும் ஊரில் கூரை என்பது குளத்தின் தாய். பீலியும் குழாயும் “பிறகு பார்ப்பம்” என்று விடும் சாமான் அல்ல. கொட்டேசனில் பீலி ஒரு வரியாக இருக்கிறதா, எத்தனை அடி என்று பாருங்கள்.

பழைய சீற் எங்கே போகும்?

மூன்று கொட்டேசன்களிலும் ஒரு வரி ஒரே மாதிரி இருந்தது: “பழைய கூரையைக் கழற்றி அகற்றுதல்.” எப்படிக் கழற்றுவது, எங்கே அகற்றுவது என்று ஒருவரும் எழுதவில்லை. பழையது ஓடாக இருந்தால் இது காசுக் கேள்வி. நல்ல பழைய ஓட்டுக்கும் வைரம் பாய்ந்த பனைமரத்துக்கும் விலை இருக்கிறது; அது யாருக்கு என்று முதலிலேயே பேசி மொத்தத்தில் கழிக்க வேண்டும். பழையது அஸ்பெஸ்டஸாக இருந்தால் அது நெஞ்சுக் கேள்வி.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வெள்ளை அஸ்பெஸ்டஸ் உட்பட எல்லா வகையையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவன என்று வகைப்படுத்தியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் முழுவதும் தடை செய்தது. இலங்கை 1987இல் நீல அஸ்பெஸ்டஸைத் தடுத்தது. வெள்ளையை 2018 ஜனவரி முதல் கட்டுப்படுத்துவதென்று முடிவும் எடுத்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன், 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததென்று ரஷ்யா தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. ரஷ்யா அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடு. கொழும்பு தடையைத் தள்ளிவைத்தது. தேயிலைக்கு வழி திறந்தது. நம் தலைக்கு மேல் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒரு வண்டு தீர்மானித்த கதை அது.

ஏறி முடிந்து அசையாமல் இருக்கும் சீற் பெரிய கேடு செய்யாது. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் துளைக்கும்போதும் பறக்கும் தூசில்தான் ஆபத்து. ஆகவே கழற்றும் முறையை எழுதி வாங்குங்கள்: தண்ணீர் தெளித்து நனைத்தபின் ஆணியைக் கழற்ற வேண்டும், முழுச் சீற்றாக இறக்க வேண்டும், மேலிருந்து எறியக் கூடாது, கிரைண்டர் தொடக் கூடாது, வேலையாட்களுக்கு முகக்கவசம் வேண்டும். பழைய சீற்றை வேலிக்கும் கோழிக்கூட்டுக்கும் எடுத்து வைக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள்.

ஒரு நாடே வாசித்த கொட்டேசன்

கொட்டேசனை வாசிப்பது வீட்டுக்காரரின் தொந்தரவு என்று நினைப்பவர்கள் 2016ஐ நினைத்துப் பார்க்கலாம். போரில் வீடிழந்தவர்களுக்கென்று வடக்கு கிழக்கில் 65,000 உருக்கு வீடுகளை ஆர்செலர் மிட்டல் நிறுவனத்தைக் கொண்டு கட்டும் திட்டத்தை அன்றைய அரசு முன்வைத்தது. வீடொன்றுக்குச் சுமார் 21 இலட்சம் ரூபா. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் உள்ளிட்ட குழுவொன்று மாதிரி வீட்டைப் பார்த்து அறிக்கை எழுதியது. கல்லும் சீமெந்தும் கொண்ட வீட்டை ஏறத்தாழ பாதி விலைக்குக் கட்டலாம், கூரைக்குத் தாங்கல் போதாது, காற்றோட்டம் போதாது, உருக்குத் துருப்பிடிக்கும் என்பன அவர்கள் சொன்னவற்றுள் சில. வடக்கின் மக்கள் பிரதிநிதிகளும் எதிர்த்தார்கள். திட்டம் அந்த வடிவில் முன்னே போகவில்லை.

அந்தக் குழு செய்ததும் நாம் செய்ய வேண்டியதும் ஒன்றுதான். மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காமல் ஒரே அளவு வீட்டுக்கு வேறு வழியில் என்ன செலவாகும் என்று கேட்டார்கள். அந்த ஊரின் காற்றுக்கும் வெக்கைக்கும் அது எத்தனை வருடம் நிற்கும் என்று கேட்டார்கள்.

காசு எப்போது, யாருக்கு

இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டியவர்களுக்குக் காசின் பாடம் தெரியும். 2012இல் தொடங்கிய அதன் பெரிய கட்டத்தில் வடக்கு கிழக்கில் வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா மானியம். அந்தத் தொகை ஒன்றாகக் கிடைக்கவில்லை. வேலை எந்த மட்டத்துக்கு வந்தது என்று பார்த்துப் பார்த்துத் தவணையாக வந்தது. கூரைக்கும் அதே ஒழுங்கு வேண்டும். முற்பணம் சாமான் இறக்கும் அளவுக்கு மட்டும். மரம் ஏறியதும் ஒன்று. பட்டியும் போல்ற்றும் இறுக்கியதை நீங்கள் ஏணியில் ஏறிப் பார்த்தபின் ஒன்று. தகடு மூடிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று பிறகு யாருக்கும் தெரியாது. கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

பத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைப்பது எங்கள் நிபந்தனை. ஒரு சோளகமும் ஒரு மாரியும் கடந்த பிறகே அது கொடுபடும். “ஊரில இப்பிடிக் கேக்கிறேல்லை அக்கா” என்றார் ஒருவர். இன்னொருவர் கொஞ்சம் யோசித்துவிட்டு “சரி, எழுதுங்கோ” என்றார். அந்தப் பதிலே பாதித் தெரிவு.

கொட்டேசன் எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா. மே மாதத்தில் 360. அந்த இரண்டு மாதத்தில் எத்தனை வீடுகள் முகட்டு மட்டத்தில் நின்றன என்பதைக் கண்டோம். விலை ஏறினால் எந்தச் சாமானுக்கு, கடைப் பற்றுச்சீட்டைக் காட்டி, எவ்வளவு வரை கூட்டலாம் என்று முன்பே முடிவு செய்வது இரண்டு பேருக்கும் நிம்மதி.

வற் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். அதை வசூலிக்க உரிமை வற்றுக்குப் பதிந்தவருக்கு மட்டும். பதிவு இலக்கம் பற்றுச்சீட்டில் இருக்கும். இலக்கம் இல்லாத கொட்டேசனில் வற் என்று ஒரு வரி இருந்தால் அது வரியல்ல. பெரிய வேலை செய்பவர்களைக் கட்டட நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை, சீடா என்போமே, அது தரம் பிரித்துப் பதிகிறது. ஊர்க் கொந்தராத்துக்காரர் பலர் அதில் இருக்கமாட்டார்கள். அதனால் அவர் மோசமானவர் என்றில்லை. அவரிடம் கேட்க வேண்டியது வேறு: ஐந்து வருடத்துக்கு முன் கடற்கரையோரம் போட்ட ஒரு கூரையைக் காட்டச் சொல்லுங்கள். புதுக் கூரை எல்லாமே அழகு.

காலமும் விலையின் ஒரு பகுதி. மாரி ஓய்ந்து சோளகம் எழும் முன், மாசி முதல் சித்திரை வரை, இந்தத் தீவில் கூரையைத் திறக்க நல்ல காலம். ஐப்பசியில் “மூண்டு நாளில முடிச்சுத் தாறன்” என்பவருக்கு, தறப்பாள் யார் செலவு என்று கேளுங்கள்.

கொட்டேசனை எதிரில் வைத்துக் கேட்க எட்டு

1. தகடோ ஓடோ, உற்பத்தியாளர் பெயர், தடிப்பு, பூச்சு எழுதப்பட்டிருக்கிறதா?

2. எத்தனை சதுரம்? அது உங்கள் கணக்கோடு பொருந்துகிறதா?

3. திருகாணி கரையோரத்துக்கானதா? ஒரு தகட்டுக்கு எத்தனை?

4. கைமரத்தையும் வளையையும் சுவரோடு கட்டும் பட்டி, போல்ற் தனி வரியாக இருக்கிறதா?

5. பழைய மரத்தில் கறையான் இருந்தால் மாற்றும் விலை அடிக்கு எவ்வளவு?

6. பழைய கூரை யாருக்கு, எப்படி அகற்றப்படும்?

7. வேலையாள் விழுந்தால் மருத்துவச் செலவு யாருடையது?

8. “இதர செலவு” என்ற வரிக்குள் என்ன இருக்கிறது?

எட்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவரின் தாளை மடித்து வைத்துவிடலாம்.

நாங்கள் 104ஐத் தெரிந்தோம். 100க்கும் அதற்கும் இருந்த நாலு புள்ளியில் மூன்று, பட்டிக்கும் போல்ற்றுக்கும் நல்ல திருகாணிக்கும். வேலை பங்குனியில் முடிந்தது. ஓடாவியார் ஏணியில் ஏறி ஒவ்வொரு பட்டியையும் கையால் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்; ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி மட்டும் கேட்டார்.

இப்போது ஆடி மாதம். வெளியே சோளகம் ஊளையிடுகிறது. கூரை கதைப்பதில்லை. பிடித்து வைத்த பத்தில் ஒரு பங்கு அம்மாவின் விவிலியத்துக்குள், அந்தப் பழைய கொப்பித் தாள் இருந்த இடத்தில் இருக்கிறது. மாரி முடிந்ததும் கொடுப்போம்.